ஆளுக்கா, மிஷினுக்கா

ஆளுக்கா, மிஷினுக்கா என்று அந்தப் பையன் காலையில் கேட்டபோதே எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வாய் முந்திக்கொண்டது, இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசிக்க உட்கார்ந்தால் முதலில் நாற்காலியை இறக்க வேண்டும். பிலோமினா அடியில் கைவிட்டு இரும்புக் கைப்பிடியை இழுத்தாள். நாற்காலி உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு இறங்கியது, கால் மடங்கி முட்டி இழுப்பறையில் இடித்தது. தினமும் மதியம் இரண்டு மணிக்கு இப்படித்தான் அவள் இசக்கியம்மாள் ஆகிறாள். காலை ஷிப்டு பிலோமினா நெட்டை, மதிய ஷிப்டு இசக்கி குட்டை, இருவருக்கும் நாற்காலி ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கு சுங்கத்தில் காகிதம் போட்டு வெளியே எடுத்துக் கொடுக்கும் இந்த ஆபீஸில், ஜன்னலோரத்து நாற்காலிகள் மூன்றுக்கும் இப்படி இரண்டிரண்டு சொந்தக்காரிகள். ஒருத்தி எழுந்த சூட்டிலேயே இன்னொருத்தி உட்காருவாள். இசக்கி எழுந்து போய் ஐந்து மாதமாகிறது. பிலோமினா தன் ஷிப்டு முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி, கீழே பெட்டிக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, திரும்ப ஏறி வந்து, நாற்காலியை இறக்கி, இசக்கியின் பெயரில் உள்ளே நுழைந்து, இசக்கியின் பில்களை, அந்தச் சுங்கக் காகிதங்களை, போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறாள். நாற்காலியை இறக்காமலே செய்யலாம்தான். கம்ப்யூட்டருக்கு உயரமா தெரியப்போகிறது. ஆனால் இறக்காமல் உட்கார்ந்தால் திருட்டுத்தனம் செய்வது போல இருக்கிறது, இறக்கிவிட்டால் இசக்கிக்காக இடம் பிடித்து வைத்திருப்பது போல இருக்கிறது. அவளுக்கு அப்படி ஒரு கணக்கு, நாம் என்ன சொல்ல.

கணக்கு என்றால் இந்தக் கணக்குதான் இப்போது. முதலாளி அண்ணாச்சி அறையில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து உறுமிக்கொண்டிருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்கு, சர்வருக்கு, வயதாகிவிட்டது. புதிது வருகிறது. புது சர்வருக்குள் யார் நுழைந்தாலும் அதற்கு ஒரு உரிமம் வாங்க வேண்டுமாம். லைசென்ஸ். அதை இரண்டு விதமாக விற்கிறான். ஆளுக்கு வாங்கினால் அந்த ஆள் ஆபீஸ் மிஷினிலோ வீட்டு லேப்டாப்பிலோ போனிலோ எதிலிருந்து வேண்டுமானாலும் உள்ளே போகலாம். மிஷினுக்கு வாங்கினால் அந்த மிஷினில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். இரண்டுக்கும் விலை ஒன்றுதான், எது எண்ணிக்கையில் குறைவோ அதை வாங்கிக்கொள்ள வேண்டியது. "எது கம்மியோ அதப் போட்டுருங்கம்மா, எனக்கு இதெல்லாம் ஓடாது" என்று தவமணி அண்ணாச்சி அவள் தலையில் கட்டிவிட்டார். ஒரு காலத்தில் இந்த ஆபீஸுக்கு முதல் பிரிண்டர் வாங்கப் போனவள் அவள்தான், அந்தப் பாவம் இன்னும் தீரவில்லை. இன்றைக்கு ஐந்து மணிக்குள் சொல்லாவிட்டால் விலை ஏறிவிடும் என்று திருநெல்வேலியிலிருந்து ஆல்வின் என்ற அந்தப் பையன் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான். மிஷினை எண்ணுவது எளிது. ஹாலில் இருப்பது எல்லாம், அண்ணாச்சி அறையில் ஒன்று, அண்ணாச்சி வீட்டு லேப்டாப் ஒன்று, அண்ணாச்சி போன் ஒன்று, துறைமுக வாசலில் வெயில் தின்றுகொண்டு நிற்கும் இரண்டு பேரின் போன் இரண்டு. எண்ணிவிட்டாள், மாறாது. மிஷின் லீவு போடுவதில்லை. ஆளை எண்ணும்போதுதான் ஜன்னலோரம் வந்ததும் விரல் நிற்கிறது. இசக்கியை விட்டுவிட்டு எண்ணினால் ஆளும் மிஷினும் சமம். சேர்த்து எண்ணினால் ஆள் ஒன்று கூடுதல். சமமாக வந்தால் ஆளுக்கே வாங்குங்கள், நாளைக்கு எல்லார் கையிலும் இரண்டு போன் வந்துவிடும் என்று ஆல்வின் சொல்லியிருக்கிறான். ஆளுக்கு வாங்கினால் அவனே நேரில் வந்து ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, அவரவர் போனுக்கு எண் அனுப்பி, புதுப் பாஸ்வேர்டு போட்டுத் தருவான். இசக்கியம்மாள் யாருங்க என்பான். ஹாலில் எல்லோரும் கீபோர்டைப் பார்ப்பார்கள். மிஷினுக்கு வாங்கினால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆக, இசக்கியை ஆளென்று எண்ணினால் மிஷினுக்கு வாங்கலாம், மிஷினுக்கு வாங்கினால் இசக்கி எங்கே என்ற கேள்வி வராது. எண்ணாவிட்டால் ஆளுக்கு வாங்க வேண்டும், வாங்கினால் இசக்கி இல்லை என்று அன்றே தெரிந்துவிடும். அவளை இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டால் இருப்பாள். இதைக் கண்டுபிடித்தபோது பிலோமினாவுக்கு முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான், வைத்துக்கொண்டால் என்ற சொல் உறுத்தியது. வருவாளா. வரமாட்டாள். அது தெரிந்துதானே இவ்வளவும். தெரியாதவள் மாதிரி விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள், மறுபடி ஜன்னலோரத்தில் வந்து நின்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இசக்கியைப் பார்க்க நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். கிட்னி கெட்டவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்கிற அந்த அறையில் மருந்து வாடையும் வேகவைத்த முட்டை வாடையும் கலந்து அடிக்கும். யாரோ ஒருவர் கட்டாயம் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இசக்கியின் இடது கை மணிக்கட்டுக்கு மேலே, மிஷின் ஊசி குத்த ஆபரேஷன் செய்த இடத்தில், நரம்பு வீங்கித் திருகிக்கொண்டு நிற்கிறது, தொட்டால் உள்ளே விர்ரென்று ஓடுகிறது, சர்வர் மேல் கை வைத்தால் இருக்குமே, அந்த ஓட்டம். "தொட்டுப் பாருக்கா, நானும் இப்ப கரண்டுல ஓடுதேன்" என்று சிரித்தாள். முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, பல் மட்டும் அதே பல். அங்கே ஒரு நர்ஸ், நெற்றியில் திருநீற்றுக் கீற்று, யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு பிலோமினா கேட்டதில்லை. ரெண்டாம் மிஷின் முடிஞ்சுதா, நாலாம் மிஷினுக்கு தண்ணி குடுக்காதீங்க என்பாள். காலையில் ஒருத்தர், மதியம் ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர் என்று ஒரே மிஷினில் மாறி மாறிப் படுக்கிறார்கள். அங்கேயும் மிஷினுக்குத்தான் கணக்கு. இசக்கிக்குப் பக்கத்து மிஷினில் கோவில்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் படுத்திருப்பார், தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு பார்த்தவர், எப்போது போனாலும் வெளியே வெயில் எப்படி என்று கேட்பார். போன ஞாயிறு அந்த மிஷினில் ஒரு காலேஜ் பெண் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். பெரியவர் எங்கே என்று பிலோமினா கேட்கவில்லை. இசக்கியும் சொல்லவில்லை. அந்தப் பெண்தான் வெகுநாளாக அங்கேயே இருப்பவள் மாதிரி இருவரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். மிஷின் எப்போதும் போல சிவப்பும் பச்சையுமாக மினுக்கிக்கொண்டு ஓடியது. அதை ஏன் இப்போது நினைக்கிறோம் என்று பிலோமினாவுக்குப் புரியவில்லை, தலையை உதறிக்கொண்டு பில்லைப் பார்த்தாள். அந்த அறையில் இசக்கி காசு கட்டுவதில்லை. ஆபீஸ் வழியாக வந்த மருத்துவ அட்டை இருக்கிறது. ஆபீஸில் பெயர் இருக்கும்வரை அந்த அட்டை செல்லும். பெயர் போனால் அட்டை போகும், அட்டை போனால் மிஷின் போகும், மிஷின் போனால். அதற்கு மேல் பிலோமினா ஒருநாளும் யோசித்ததில்லை. இன்றைக்கும் அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

முந்திரி. ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் ஓட்டு முந்திரிக்குத்தான் இன்றைய பில். இசக்கி எல்லாவற்றையும் இங்கிலீஷ் பெரிய எழுத்தில்தான் அடிப்பாள், அந்தப் பொத்தானை ஒருநாள் அமுக்கி அப்படியே விட்டுவிட்டாள், சின்ன எழுத்து என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. ஆகையால் பிலோமினாவும் இரண்டு மணிக்கு மேல் பெரிய எழுத்து. வரி முடிவில் இரண்டு இடைவெளி விடுவாள் இசக்கி, இவளும் விடுகிறாள். மற்ற இரண்டு மதிய ஷிப்டுக்காரிகளும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார்கள், தங்கள் பங்குக்கு இசக்கிக்கு வர வேண்டிய போன்களை எடுத்து, அவங்க டேபிள்ல இல்ல என்று சொல்லி வைக்கிறார்கள். அதுவும் பொய்யில்லை. ஒரு எண்ணுக்கு இரண்டு தடவை சரிபார்த்தாள் பிலோமினா. தன்னுடைய பில்லில் ஒரு எண் மாறினால் ஒரு திட்டோடு போய்விடும், இசக்கியின் பில்லில் மாறினால் அண்ணாச்சி இசக்கியைக் கூப்பிடச் சொல்வார். அந்தப் பயத்தில் அவள் தன் வேலையைவிட இசக்கியின் வேலையைத்தான் ஒழுங்காகச் செய்கிறாள். சாயங்காலம் கிளம்புமுன் இசக்கிக்குப் போன் போடுவது வழக்கம். எடுத்ததும் அவள் கேட்பது ஒரே கேள்வி: "எக்கா, இன்னைக்கு நான் என்ன பாத்தேன்?" முதல்நாள் அது விளையாட்டாக வந்தது. பிலோமினாவும் விளையாட்டாக, நீ இன்னைக்கு ரெண்டு முந்திரி பில்லு, ஒரு மரம் பில்லு, மத்தியானம் பூரா தூங்கி விழுந்த என்று சொன்னாள். இப்போது அது விளையாட்டில்லை. ஒருநாள் மழையில் டவர் கிடைக்காமல் போன் போடாமல் விட்டதற்கு மறுநாள், நேத்து நான் லீவா என்று கேட்டுவிட்டு இசக்கி போனை வைத்துவிட்டாள். எண்ணப்படாமல் போவது எப்படி இருக்கும் என்று பிலோமினாவுக்குத் தெரியும். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டபோது அவள் தம்பி பெண்டாட்டி, நாங்க நாலு பேரு என்று சொல்லிவிட்டாள். உள்ளே அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த பிலோமினா அதைக் கேட்டாள். தம்பி பெண்டாட்டி கெட்டவளில்லை, மறந்துவிட்டாள், அவ்வளவுதான், கல்யாணமாகாத நாத்தியை எந்தப் பக்கம் எழுதுவது என்று அவளுக்கு ஓடவில்லை. வெளியே போய் ஐந்து என்று சொல்லியிருக்கலாம். கை முழுக்க மீன் வாடை என்று சொல்லிக்கொண்டு பிலோமினா போகவில்லை. அன்றைக்குச் சாளை குழம்பு, எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள், அவளும் சாப்பிட்டாள்.

ஆல்வின் கூப்பிட்டுவிட்டான். "மேடம், மணி ஆவுது, என்ன முடிவு பண்ணுனீங்க?" பிலோமினா ஆட்களை மறுபடி எண்ணப் பார்த்தாள், அதற்குள் அவனே பேசினான். "நேத்து உங்க பழைய சர்வருல இருந்து ஆள் லிஸ்ட் எடுத்துப் பாத்தேன் மேடம். சில பேரு லாகின் பண்ணிட்டு மூடாமலே போயிருதாங்க. ஒழுங்குன்னா ஒரே ஆளுதான். இசக்கியம்மாள்னு ஒருத்தங்க. டான்னு ரெண்டு மணிக்கு வாராங்க, ஒரு நாள் லீவு இல்ல." பிலோமினாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஐந்து மாதமாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைபவளுக்கு இப்படி ஒரு நல்ல பெயர். "அவங்களையும் சேத்தா ஆளு ஒண்ணு கூட வருது மேடம். அப்ப மிஷினுக்கு வாங்குறதுதான் லாபம். ஆனா ஒருக்கா முடிவு பண்ணிட்டா பொறவு மாத்த முடியாது." அவனும் அதே இடத்தில் வந்து நின்றான். தான் சொல்லவில்லை, சர்வரே சொல்கிறது, இசக்கி இருக்கிறாள் என்று. "மிஷினுக்கே போட்டுருங்க தம்பி" என்றாள். "யாரு உக்காந்தா என்ன, அது கேக்காதுல்லா?" "கேக்கவே கேக்காது மேடம். மிஷின் இருந்தாப் போதும், யாரு வேணா உக்காரலாம்." போனை வைத்தாள். நாளைக்கு, அடுத்த மாதம், அடுத்த கிறிஸ்துமஸ், யாரும் பெயர் கேட்கப்போவதில்லை. இந்த ஐந்து மாதத்தில் ஒரு காரியத்தை உருப்படியாக முடித்தோம் என்று தோன்றியது, இசக்கியிடம் இதை எப்படிச் சொல்லுவது, நீ ஒழுங்கான ஆளாம்ட்டி என்று ஆரம்பிக்கலாமா என்று வாக்கியம் கூடத் தயாராகிவிட்டது.

தவமணி அண்ணாச்சி கையில் டீ டம்ளரோடு அறையை விட்டு வந்தார். அவர் வந்தால் எல்லோரும் எழுந்திருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் பிலோமினா எழப் பார்த்தாள், தாழ்ந்த நாற்காலியிலிருந்து சட்டென்று எழ முடியவில்லை. "இருங்க, இருங்க" என்றவர் பக்கத்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ஆல்வின் இப்பதான் சொன்னான். மிஷினுக்குச் சொல்லிட்டீங்களாமே. நல்லதாப் போச்சு." டீயை ஊதிக் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, இந்த இசக்கி வேலைய இன்னும் எத்தன நாளைக்கு நீங்க பாப்பீங்க?" பிலோமினா கீபோர்டிலிருந்து விரலை எடுத்தாள். "எனக்குத் தெரியாம இல்லம்மா. இசக்கி இருந்த காலத்துல வாரத்துக்கு ஒரு பில்லு தப்பா வரும், கஸ்டம்ஸ்ல நான் போயி கும்பிடு போடணும். இந்த அஞ்சு மாசமா ஒரு புள்ளி மாறல. அப்பமே தெரிஞ்சுபோச்சு. பாவம், ஓடட்டும்னு விட்டுட்டேன்." அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது சொல்லிக் கெஞ்சியிருக்கலாம். "புதுசா ஒரு பிள்ளையப் போடுவோம்னுதான் எனக்கு. ஆளுக்கு லைசென்ஸ் வாங்குவீங்க, பேரு பேராப் பதிஞ்சுருவான், புதுப் பிள்ளைக்கு வேற ஒண்ணு தனியா வாங்கணும், இந்த வருசம் இப்படியே கெடக்கட்டும்னு நெனச்சிருந்தேன். இப்ப மிஷினுக்குன்னு ஆயிட்டு. யாரு உக்காந்தாலும் ஒண்ணுதானாமே. முத்தையாபுரத்துல நம்ம சொந்தத்துல ஒரு பிள்ள இருக்கு, பி.காம். இப்பமே போன் போட்டு நாளைக்கே வரச் சொல்லிட்டேன். நீங்களும் ரெண்டு மணிக்கு வீட்டுக்குப் போயி காலை நீட்டலாம்லா." பிலோமினா வாயைத் திறந்தாள். இசக்கி, என்றாள். அண்ணாச்சி முந்திக்கொண்டார். "இந்த மாசம் முடிய சம்பளம் குடுத்துருவோம். அதுக்கு மேல ரெண்டு பேரை வச்சுத் தாங்காதும்மா, பேரை எடுத்துத்தான் ஆவணும். ஆஸ்பத்திரிக்கு நான் தனியா ஏதாச்சும் பாத்து செய்தேன்." செய்வார், ஒருதடவை செய்வார், நல்ல மனுஷர்தான். அந்த மிஷின் வாரத்துக்கு மூன்று தடவை. எழுந்து நாலடி போனவர் திரும்பினார். "ஒண்ணு, அந்தப் பிள்ளைக்குப் புதுசா பாஸ்வேர்டு அது இதுன்னு ஆல்வினைத் தேட வேண்டாம். இசக்கியோடதையே குடுத்துருங்க. பெறவு நிதானமா மாத்திக்கலாம்."

அவர் கதவு மூடிய பிறகும் பிலோமினா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கு என்று சொல்லியிருந்தால் இந்த வருசம் ஓடியிருக்கும். ஒரு சொல். ஆல்வின் வந்து இசக்கியம்மாள் யாருங்க என்று கேட்டிருப்பான், எல்லோரும் கீபோர்டைப் பார்த்திருப்பார்கள், அண்ணாச்சி தன் அறையிலிருந்தே, அவ வருவாப்பா, நீ போடு என்று சொல்லியிருப்பார். அந்தக் குரல் அப்படியே காதில் கேட்டது, நடக்காத ஒன்று நடந்ததைவிடத் தெளிவாகக் கேட்டது. இசக்கிக்கென்று பெயர் எழுதி ஒன்று வாங்கி வைத்திருக்கலாம், யாரும் கேட்கக் கூடாது என்று பயந்து பயந்து, யாராக இருந்தாலும் சரி என்கிற ஒன்றை வாங்கி வைத்தோம். அந்த நர்ஸ். அந்தக் காலேஜ் பெண். பெரியவரின் மிஷின் ஒருநாள்கூடச் சும்மா கிடக்கவில்லையே, அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தானே வந்தோம், மத்தியானம் முழுக்க அதையேதானே நினைத்துக்கொண்டிருந்தோம். மாத்திச் சொல்லலாமா என்று போனை எடுத்தாள், ஒருக்கா முடிவு பண்ணிட்டா மாத்த முடியாது என்று ஆல்வின் சொன்னது ஞாபகம் வந்து வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் போன் அடித்தது. இசக்கிதான். இன்றைக்கு இவள் போட நேரமாகிவிட்டது, அவளே போட்டுவிட்டாள்.

"எக்கா, இன்னைக்கு நான் என்ன பாத்தேன்?"

பின்னால் அந்த அறையின் சத்தம் கேட்டது, பீப் பீப் என்று யாருடைய மிஷினோ. பிலோமினா திரையைப் பார்த்தாள். "முந்திரி ரெண்டு. மரம் ஒண்ணு பாதில கெடக்கு."

"பாதில விட்டுட்டேனா? ஏன், சொகமில்லையா எனக்கு?"

"நாளைக்கு முடிச்சிரலாம்னு வச்ச."

"தப்பு கிப்பு விட்டுறலயே?"

"இல்லட்டி. நீதான் ஆபீஸ்லயே ஒழுங்காம். கம்ப்யூட்டர்காரன் சொன்னான்."

இசக்கி சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. "நாளைக்குக்கா? நாளைக்கும் உண்டுல்லா எனக்கு?"

"நாளைக்கும் ரெண்டு மணிக்கு நீதான்" என்றாள் பிலோமினா. பொய் இல்லை. அந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்ததும் இசக்கியம்மாள் என்ற பெயர் டான்னு உள்ளே வரும், ஒரு நாள் லீவு இல்லாமல் வரும். சரிக்கா, வைக்கேன், நர்ஸு வாரா என்று இசக்கி வைத்துவிட்டாள். பிலோமினா பாதியில் கிடந்த மரத்தை முடித்தாள், பெரிய எழுத்தில், வரிக்கு வரி இரண்டு இடைவெளி விட்டு. இசக்கியின் பெயரிலிருந்து வெளியே வந்து மூடிவிட்டு, எழுந்து, நாற்காலிக்கு அடியில் கைவிட்டாள். எந்த உயரத்தில் விட்டுவிட்டுப் போவது என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளை நெட்டையா குட்டையா என்று அண்ணாச்சியிடம் கேட்டுக்கொள்ளவில்லை.